எல்லாவற்றுக்கும் சரி சொன்ன அடுப்பு

அடுப்பு பேசக்கூடாது என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்? நான் பூட்லோடர் எழுதுகிறவள். சுவிட்சைப் போட்டதும் அடுப்பு கண் விழித்து, நான் யார், என் கை கால் எங்கே, இன்றைக்கு என்ன வேலை என்று தன்னையே கேட்டுக்கொள்கிற முதல் இரண்டு விநாடி என்னுடையது. அதற்குப் பிறகு அது பேச வேண்டுமா, பாட வேண்டுமா என்று முடிவு செய்கிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் என் ஞாபகம் வரும் அவர்களுக்கு.

இது 2049. நலக் காப்பீடு வேண்டும் என்றால் வீட்டில் நல அடுப்பு வைத்தாக வேண்டும். அது தினமும் விடியற்காலையில் தானே அணைந்து, தானே எழும். எழுந்ததும் நெட்வொர்க் வழியாகத் தலைமை சர்வரிடம் கேட்கும்: இந்த வீட்டாருக்குக் கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, இன்றைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா? சர்வர் கூடாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எண்ணெய் காய்வதற்குள் அடுப்பு அணைந்துவிடும். "இன்று அனுமதி இல்லை" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒரு அறிவிப்பு வரும். கெஞ்சினாலும் திட்டினாலும் அதற்குக் காது கிடையாது.

கோயம்புத்தூரில் என் வீட்டில் இருப்பது மட்டும் சோதனை அடுப்பு. அதற்கும் சர்வருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. எதை வைத்தாலும் சரி என்னும். புது புரோகிராம் எது எழுதினாலும் முதலில் அதில்தான் ஏறும். என் கணவர் சென்னியப்பன் (பேர்தான் பழசு, ஆள் என் வயசுதான்) பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். ஐந்தரைக்கு நான் செருப்பைக் கழற்றும்போது உளுந்து வடை சுடச்சுடத் தட்டில் இருக்கும். பதினெட்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. ஊரே ஆவியில் வெந்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது நான் மட்டும் வடை தின்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

போன கோடையில் ஒரு நாள் மேனேஜர் கிருஷ்ணகாந்த் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மங்கை, தூத்துக்குடியில ஒரு கம்ப்ளெய்ண்ட். அலைவாய்க் குடியிருப்பு, சி பிளாக், தொண்ணூத்தாறு வீடு."

"அடுப்பு வேலை செய்யலையா?"

"செய்யுதாம். அதுதான் கம்ப்ளெய்ண்ட்."

போனை நீட்டினார். பெயர் இல்லாத மொட்டைக் கடிதம். 'சி பிளாக் அடுப்புகள் எட்டு மாதமாக எதற்கும் மறுப்பு சொல்வதில்லை. தயவுசெய்து மறுக்க வைக்கவும்.' என் சர்வீஸில் இப்படி ஒரு புகாரைப் பார்த்ததே இல்லை.

"போயிட்டு, ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. விஷயம் மேல போனா எல்லா அடுப்பையும் திருப்பி வாங்கச் சொல்லுவாங்க" என்றார் கிருஷ்ணகாந்த்.

வீட்டுக்குப் போன் செய்து மூன்று நாள் ஊரில் இருக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப சாயங்காலம் வரமாட்டியா?" சென்னியப்பன் குரலில் ஒரு துள்ளல்.

"என்ன, அவ்வளவு சந்தோஷம்?"

"ஒண்ணுமில்ல மங்கை. கோயில் திடல்ல வள்ளிக்கும்மி பழக்கறாங்க. அஞ்சரைக்கு ஆரம்பம். மூணு நாள் போய்ப் பாக்கலாம்னு."

"இந்த வயசுல கும்மியா? இடுப்புப் புடிச்சுக்கப் போவுது, பாத்துக்குங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு சி பிளாக் வாசலில் இறங்கினால், எனக்கு வரவேற்பு! இளநீர் என்ன, மக்ரூன் என்ன, ஒரு கல்யாணப் பெண்ணைக்கூட இப்படிக் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவர் கில்பர்ட் முன்னால் நடந்தார். துறைமுகத்தில் கன்வேயர் பெல்ட் மேஸ்திரி. எலும்பும் நரம்புமாக, காய்ந்த கயிறு போல இருந்தார். பின்னால் நான்கைந்து ஆண்கள். எல்லார் முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு.

"யாரோ வெவரங்கெட்டவன் எழுதிப் போட்டுருக்கான் மேடம். எங்க அடுப்பெல்லாம் அப்படி ஒழுக்கம். நம்ம வீட்டுல வந்து நீங்களே பாருங்க."

அவர் வீட்டு அடுப்படியில் சட்டி, எண்ணெய், வாழைக்காய் எல்லாம் தயாராக இருந்தன. கில்பர்ட் அடுப்பைப் பற்றவைத்தார். எண்ணெய் காய்ந்தது. அவர் தொண்டையைச் செருமினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை, பலமாகச் செருமினார்.

"இன்று அனுமதி இல்லை" என்றது ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். அது வந்தது ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து. குரலோடு ஒரு குழந்தை அழுகிற சத்தமும், "ஏ, சும்மா இருல" என்று யாரோ அதட்டுகிற சத்தமும் சேர்ந்தே கேட்டன. பக்கத்து பிளாக்கில் பதிவு செய்திருக்கிறார்கள். அடுப்பு பாட்டுக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் போனை எடுத்து கில்பர்ட்டிடம் கொடுத்தேன். "அடுத்த தடவை அடுப்பையும் சேத்து அணைச்சுடுங்க."

"அது வந்து மேடம்…"

"எல்லாரும் வெளிய போங்க. இன்னொரு ஆள் உள்ள வந்தா, இந்த பிளாக்குக்கே இட்லிச் சட்டியைத் தவிர ஒண்ணும் ஏறாம பண்ணிட்டுப் போயிடுவேன்."

படி வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கில்பர்ட்டின் மனைவி மட்டும் நின்றாள். ஜெஸ்லின். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள், பழசும் புதுசுமாக. நான் கேட்காமலேயே டார்ச்சை எடுத்து வந்து, நான் அடுப்பின் அடித்தட்டைத் திறக்கத் திறக்கச் சரியான இடத்தில் வெளிச்சம் காட்டினாள்.

"கம்ப்ளெய்ண்ட் எழுதினது யாருன்னு தெரியுமா?" என்றேன்.

அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "நான்தாங்க்கா. அவுகளுக்குத் தெரியாது."

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. "எண்ணெயே வைக்க விடலைன்னு மத்த ஊருல என்னைக் கரிச்சுக் கொட்டறாங்க. நீங்க விடுதுன்னு எழுதறீங்க?"

"ஏ பிளாக்லயும் பி பிளாக்லயும் போய்க் கேளுங்க. அடுப்பு வந்த பொறவு அங்க பொம்பளைங்களுக்குச் சாயங்காலம்னு ஒண்ணு இருக்கு. 'இன்னைக்கு அனுமதி இல்ல'ன்னு அடுப்பு சொல்லிருது. ஆம்பளைங்க ரெண்டு பிஸ்கெட்டத் தின்னுட்டு அவங்க சோலியப் பாத்துட்டுப் போயிருதாங்க. எங்க பிளாக்ல மட்டும் அடுப்பு எல்லாத்துக்கும் சரிங்குது. நாலரைக்கு இவுக நாலு பேரக் கூட்டிட்டு வந்து உக்காந்துருவாக. பஜ்ஜி, வடை, மீன் பொரிக்க, திரும்பவும் பஜ்ஜி. ஏழு மணி வரைக்கும் சட்டி முன்னாடிதான் நிக்கேன்."

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் சொன்னா சண்டை. அடுப்பு சொன்னா சட்டம்."

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. துறைமுகப் பயிற்சி நிலையம், கிரேன் ஆபரேட்டர் வகுப்பு, மாலை ஐந்து முதல் ஏழு. கீழே வருகைப் பட்டியலில் சிவப்புப் பெருக்கல் குறிகள் அடுக்கடுக்காக இருந்தன.

"இன்னைக்கும் போகலைன்னா பேர அடிச்சிருவாக. நேத்து வாத்தியார் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அறுபது மீட்டர் உசரத்துல உக்காந்து ஒரு கன்டெய்னர ரெண்டு இஞ்ச் பிசகாம எறக்குவேன் அக்கா. கெட்டிக்காரின்னு வாத்தியாரே சொன்னாரு. ஆனா சட்டிய விட்டு நாலு அடி நகர முடியல" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும் கோபம் சுர்ரென்று ஏறியது, யார் மேல் என்று தெரியாமலே.

லேப்டாப்பைச் சீரியல் கேபிளில் செருகி, அடுப்பை அணைத்துப் போட்டேன். திரையில் வரிகள் ஓடின. 'நெட்வொர்க்: சரி' என்று வந்தது. ஆனால் அடுப்பின் நெட்வொர்க் கேபிள் முனையில் இருந்த பச்சை விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே, பேசியாயிற்று, எல்லாம் சரி என்கிறது இந்த அடுப்பு. ஐந்து தடவை அணைத்துப் போட்டேன். ஐந்து தடவையும் அதே பொய்.

பிறகு புரோகிராமில் நெட்வொர்க்கை எழுப்புகிற துண்டு, அந்த ஃபங்ஷன், எவ்வளவு பெரிசு என்று பார்த்தேன். மூவாயிரம் பைட் இருக்க வேண்டிய இடத்தில் எட்டே எட்டு பைட். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்னக்கா? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு?"

"சின்ன வயசுல தெருவுல விளையாடும்போது, பொடிசு ஒண்ணு அழுதா ஆட்டத்துல சேத்துக்குவோமே, கணக்குல வராம?"

"ஒப்புக்குச் சப்பாணி."

"அதேதான். சில அடுப்புல நெட்வொர்க் கார்டே இருக்காது. ஆனா புரோகிராம் 'நெட்வொர்க்கை எழுப்பு'ன்னு கூப்பிடும். கூப்பிட்ட இடத்துல யாரும் இல்லைன்னா அப்படியே நின்னுடும். அதனால ஒப்புக்குச் சப்பாணியா ஒரு ஃபங்ஷன் எழுதி வச்சிருப்போம். ஒரு வேலையும் செய்யாது, 'சரி'ன்னு மட்டும் சொல்லும். நிஜ ஆள் வந்தா அது எந்திரிச்சு எடம் விட்டுடணும்."

"இங்க நிஜ ஆள் வரலையா?"

"வந்தாரு. சில சமயம் புரோகிராம் துண்டுகளை மூட்டையாக் கட்டி வைப்போம், அதுக்குள்ள இருந்தாரு. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கோக்கறதுக்கு லிங்கர்னு ஒண்ணு இருக்கு. அது மகா சோம்பேறி. ஆள் குறையுதுன்னாதான் மூட்டையைப் பிரிக்கும். எடத்துல ஏற்கெனவே சப்பாணி உக்காந்திருக்கான். ஆள் இருக்குன்னு மூட்டையைப் பிரிக்கவே இல்ல."

ஜெஸ்லின் டார்ச்சைக் கீழே வைத்தாள். "பந்தியில எல நெறஞ்சிட்டா வாசல்ல நிக்கிற மாப்பிள்ளையக்கூடக் கூப்பிட மாட்டாங்க. அந்தக் கதையா?"

பதினைந்து வருஷமாக இதை நான் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தருக்கும் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

"அப்ப மத்த பிளாக்ல மட்டும் எப்படிச் சரியா இருக்கு?"

"ஆபீஸ் சர்வர்ல கோத்தா மூட்டை கட்டாது. ஆளை நேராக் கொண்டுவந்து உக்கார வச்சிடும். இந்தத் தொண்ணூத்தாறு அடுப்புக்கு மட்டும் எவனோ வேற எங்கேயோ வச்சுக் கோத்திருக்கான். எந்த முட்டாள்னு தெரிஞ்சா…"

"மேலேயே எழுதியிருக்கே" என்று ஜெஸ்லின் திரையின் முதல் வரியைத் தொட்டாள். "'கட்டியவர்: மங்கை. இடம்: மங்கை-லேப்டாப்.' அது யாருக்கா?"

என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டேன். ஆனால் அவள் அதற்குள் படித்துவிட்டாள்.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை. அன்றைக்கு எங்கள் ஆபீஸில் புரோகிராம் கோக்கிற சர்வரை அணைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் பொரிகடலை படைத்திருந்தார்கள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. தூத்துக்குடிக்கு அடுப்பு ஏற்றிப் போக வந்த லாரியோ வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் கழிவறைப் பக்கம் ஒதுங்கி, பூஜையில் வைக்காமல் ஒளித்திருந்த லேப்டாப்பில், மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்ததை அப்படியே கோத்து அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

"ஆயுத பூஜைக்கு வேல செஞ்சா இப்படித்தான்" என்றாள் ஜெஸ்லின். "மாதா கோயிலுக்குப் போற எனக்கே தெரியும்."

திருத்துவது சுலபம். மூட்டையைப் பிரித்து, நிஜ ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். மூன்றேகால் மணிக்கு அடுப்பை அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு மினுமினு என்று சிமிட்டியது. சர்வரிடம் அடுப்பு எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசியது. ஜெஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் வந்தது.

'குடும்பத் தலைவர்: கில்பர்ட். கொழுப்பு: மிக நன்று. சர்க்கரை: மிக நன்று. எண்ணெய்: கட்டுப்பாடு இல்லை.'

நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெனம் பெல்ட் கூடவே பதினஞ்சு கிலோமீட்டர் நடப்பாக" என்றாள் ஜெஸ்லின். குரல் இறங்கிவிட்டது. "திங்கதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியாது. ஒடம்புல ஒட்டாது."

நான் செய்த தப்பைத் திருத்தினேன். எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனாலும் இவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சப்பாணியும் சரி என்றான், நிஜ ஆளும் சரி என்கிறான். மணி மூன்றரை.

"போகட்டும் விடுங்கக்கா. இந்த வீட்டுல என் பேச்சும் ஒப்புக்குச் சப்பாணிதான். யாரு வந்தாலும் நான் எந்திரிச்சு எடம் விட்டுரணும்" என்று சொல்லிவிட்டு அவள் வாழைக்காயைச் சீவ உட்கார்ந்தாள்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! அப்போதுதான் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், இந்த அடுப்பின் முதல் வடிவத்தில் நான் இன்னொரு ஒப்புக்குச் சப்பாணி எழுதியிருந்தேன். அதன் பெயர் 'வீட்டாள் சொல்'. அடுப்பு சர்வரைக் கேட்டுவிட்டு, சமைக்கிற ஆளையும் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்பது என் யோசனை. வேண்டாம் என்று சொல்லத்தான் சர்வர் இருக்கிறதே, அப்புறம் வீட்டாள் எதற்கு என்று மேல்மாடியில் அடித்துவிட்டார்கள். நான் அதை எடுக்கவில்லை, சோம்பல்தான். இன்றைக்கும் ஒவ்வொரு அடுப்பும் எண்ணெய் காயும்போதெல்லாம் அதைக் கூப்பிடுகிறது. அதுவும் கருத்து ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. அந்த நாற்காலி எட்டு வருஷமாகக் காலியாகவே கிடக்கிறது.

"ஜெஸ்லின், வாழைக்காயை வச்சுட்டு இங்க வாங்க."

ஐம்பது நிமிஷம் தட்டினேன். இந்த முறை மூட்டையில் கட்டவில்லை, நேராக உட்கார வைத்தேன். குரலுக்குத்தான் திண்டாட்டம். புதுசாகப் பதிவு செய்ய வழியில்லை. அடுப்பின் சிப்பில் ஏற்கெனவே இருந்த வார்த்தைகளில் மூன்றைப் பொறுக்கி எடுத்துக் கோத்தேன்.

"இடது ஓரத் திருகை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். மூணு மணி நேரத்துக்கு எண்ணெய் காயாது. யாருக்கும் சொல்லாதீங்க" என்றேன்.

"யாருக்குமா?"

"ஆம்பளைங்களுக்கு."

நாலரைக்கு கில்பர்ட் வந்தார், கூடவே நாலு பேர். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனால் அடுப்பில் சட்டியைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. ஜெஸ்லின் துணியால் அடுப்பின் இடது ஓரத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தாள். பிறகு பற்றவைத்தாள். அடுப்பு குப்பென்று அணைந்தது.

"இன்று வேண்டாம். நன்றி" என்றது ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்.

கில்பர்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"அடுப்பு சொல்லுது. நான் என்னங்க பண்ணட்டும்?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தோளைக் குலுக்கினார். "சட்டம்னா சட்டம்தாம்ல. வா, கடல்கரைப் பக்கம் போவோம்." ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாரும் அடங்கிவிட்டார்கள். கில்பர்ட் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மாதான இருக்க. ஏதோ கிளாஸுன்னியே, அதுக்காவது போயேன்."

ஜெஸ்லின் என்னைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது படியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் சி பிளாக்கில் வீடு வீடாகப் போய் மீதி தொண்ணூற்றைந்து அடுப்பையும் சரிசெய்தேன். அடுப்படிக்குள் நான் என்ன சொன்னேன் என்பது அந்தந்த அடுப்படிக்குத்தான் தெரியும். ஊர் திரும்பி, தப்பு என்னுடையது என்று ரிப்போர்ட்டில் உள்ளபடி எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஆயுத பூஜை' என்று போட்டேன். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த 'வீட்டாள் சொல்' ஃபங்ஷனை எடுக்க மட்டும் மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அடுத்த மாதம் அது மாநிலம் முழுக்க எல்லா அடுப்பிலும் ஏறிவிட்டது. இடது திருகு ரகசியமும் அடுப்படி விட்டு அடுப்படி பரவிவிட்டது போல. மாலை நேர எண்ணெய்ப் பயன்பாடு பாதியாகக் குறைந்திருக்கிறது, மக்களிடம் விழிப்புணர்வு வந்துவிட்டது என்று கிருஷ்ணகாந்த் மேல்மாடியில் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது சென்னியப்பன் என் போனை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தூத்துக்குடியிலிருந்து ஜெஸ்லின்னு ஒரு பொண்ணு. பாஸ் பண்ணிட்டாளாம், கிரேன்ல ஏறிட்டாளாம். நீ குளிக்கறேன்னு சொன்னேன். அரை மணி நேரம் பேசுச்சு, நல்ல பொண்ணு."

"அரை மணி நேரம் என்ன பேசினீங்க?"

"சமையலைப் பத்தித்தான்" என்றார்.

நானும் சந்தோஷத்தில் அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் திங்கள்கிழமை. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். மாவு வாசனை வந்தது. வடை வாசனை வரவில்லை. சென்னியப்பன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கிண்ணத்தில் மாவு, அடுப்பில் சட்டி, கையில் ஒரு துணி. அடுப்பின் இடது ஓரம் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது.

"என்னமோ தெரியல மங்கை. எவ்வளவு பத்த வச்சாலும் மாட்டேங்குது. நீயே பாரு."

பற்றவைத்தார்.

என் வீட்டு அடுப்பு சர்வரோடு பேசாது. பதினெட்டு வருஷத்தில், எத்தனை அடுப்பு மாறியும், எனக்கு மறுப்பு என்று ஒன்று வந்ததே கிடையாது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியை எழுதியவள் நான்.

"இன்று வேண்டாம். நன்றி" என்றது அடுப்பு.

அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த முகம், ஒரு சின்னப் பொய்யைக்கூட ஒழுங்காக மறைக்கத் தெரியாமல் சிவந்து போயிருந்தது. வேட்டியை ஏற்கெனவே மடித்துக் கட்டியிருந்தார். வாசலில் ஒரு பை தயாராக இருந்தது. சலங்கை எட்டிப் பார்த்தது.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பதினெட்டு வருஷமாகக் கேட்காததை இப்போது எந்த வாயால் கேட்பது?

"சட்டம்னா சட்டம்தாங்க" என்றேன். "சும்மாதானே இருக்கீங்க. ஏதோ கும்மின்னீங்களே, அதுக்காவது போயிட்டு வாங்க."

ஒரு விநாடி என்னையே பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது படியிலிருந்து சலங்கைச் சத்தம் வேகமாகக் கேட்டது.

நான் தட்டில் பொரியைக் கொட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.